கட்டில் கம்பியில் அப்பா தட்டுவது

வேங்கிக்காலிலிருந்து அம்மா எழுதுகிறேன். நலம், நலமறிய ஆவல் என்று தொடங்கினால் முதல் வரியே பொய்யாகிவிடும். இருக்கிறோம். அப்பா கட்டிலில் இருக்கிறார், நான் கால்மாட்டில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருக்கிறேன், மேலே மின்விசிறி ஓடுகிறது. போனில் சொல்லாமல் இதை ஏன் தாள் தாளாக எழுதுகிறாள் என்று உனக்குத் தோன்றும். போனில் நீ "சரிம்மா, சரிம்மா" என்று சொல்லிக்கொண்டே வேறு எதையோ டைப் அடிப்பது எனக்குக் கேட்கிறது. கடிதத்தில் அந்தச் சத்தம் வராது.

போன வாரம் நீ கேட்டதற்குத்தான் இது பதில். என் வயிற்றில் கட்டி இருக்கிறது, எடுத்தாக வேண்டும், எடுத்த பிறகுதான் அது எப்படிப்பட்ட கட்டி என்று தெரியும் என்று டாக்டர் சொன்னதைக் கேட்டதும் ஒரே நாளில் நீ எல்லா ஏற்பாடும் செய்துவிட்டாய். எனக்கு வேலூரில் ஆபரேஷன். அப்பாவுக்குச் சென்னையில் ஒரு இல்லம். அங்கே எந்நேரமும் நர்ஸ் உண்டு, கை கால் பயிற்சிக்கு ஆள் உண்டு, சுத்தமான இடம். "அப்பா எதுக்கு எப்டி தட்டுவாருன்னு மட்டும் எழுதி அனுப்பிடும்மா, அங்க குடுத்துட்டா அவங்க பாத்துப்பாங்க" என்றாய். நியாயமான பேச்சுதான், குறை சொல்ல மாட்டேன். எழுத உட்கார்ந்தேன். ஒரு வரிக்கு மேல் ஓடவில்லை. அவர் சொல்வது புரியாத மனிதர்களுக்கு நடுவில் அவர் படுத்திருப்பார், நான் ஆபரேஷனிலிருந்து திரும்பாமல் போனால் கடைசிவரை அப்படியே படுத்திருப்பார் என்ற பயம்தான் கையைப் பிடித்துக்கொண்டது. அந்த பயத்தை உனக்கு விளங்கவைக்க வேண்டும் என்றால் நடந்ததையெல்லாம் முதலிலிருந்து சொல்ல வேண்டும்.

அப்பா விழுந்ததை நீ பார்க்கவில்லை. கண்டக்டர் வேலையிலிருந்து ரிடையர் ஆகி வீட்டில் இருக்கப் பழகிக்கொண்டிருந்த நேரம். பல் தேய்த்துக்கொண்டிருந்தவர் கையிலிருந்து பிரஷ் விழுந்தது. எடுக்கக் குனிந்தவர் எழவில்லை. நீ பெங்களூரிலிருந்து வந்து சேர்வதற்குள் வலது கையும் காலும் போயிருந்தன, பேச்சும் போயிருந்தது. வாயால் பிழைத்த மனிதர் அவர். பஸ் நிறையக் கூட்டம் இருந்தாலும் "உள்ள போ, உள்ள போ, நடுவுல எடம் கீது" என்று அவர் ஒரு அதட்டல் போட்டால் முன்படியில் தொங்குகிறவன்கூட நகர்வான். அந்த வாயிலிருந்து "ஆ" என்ற ஒன்றைத் தவிர எதுவும் வரவில்லை. "எல்லாம் புரியும்மா, சொல்லத்தான் வராது. தலையாட்டுறத நம்பாதீங்க. ஆமான்னு நெனச்சிக்கினே இல்லன்னு ஆட்டுவாரு" என்று டாக்டர் சொன்னார். பேனாவைக் கொடுத்துப் பார்த்தோம், கோடு கோடாக வந்தது. மிச்சம் இருந்தது இடது கை ஒன்றுதான். அந்தக் கையின் விரல் முட்டியால் கட்டில் கம்பியைத் தட்டுவார்.

முதல் தட்டு எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. ஆஸ்பத்திரியில், அவருடைய வலது கையை மடக்கி நீட்டி மடக்கி நீட்டி நான் பயிற்சி கொடுத்துக்கொண்டிருந்தேன். டங்கென்று ஒரு சத்தம். "இன்னாங்க, தண்ணியா?" என்று கேட்டு, கையை விட்டுவிட்டுப் போய்த் தண்ணீர் எடுத்து வந்து ஸ்பூனில் கொடுத்தேன். குடித்தார். முகத்தில் ஒரு நிம்மதி தெரிந்தது. அவ்வளவுதான், எனக்கு ஒரு சொல் கிடைத்துவிட்டது. வீட்டுக்கு வந்த பிறகு இரண்டாவது சொல்லும் கிடைத்தது. சக்கர நாற்காலியில் வாசல்படி வரைக்கும் தள்ளிவந்து மூச்சு வாங்க நின்றேன். டங் டங்கென்று இரண்டு தட்டு. வெளியே போகணும் போல என்று கேட் வரைக்கும் தள்ளினேன். முகம் தெளிந்தது. ஒன்று தண்ணீர், இரண்டு வெளியே. நீ விடுமுறையில் இங்கே இருந்த அந்த மாதத்தில் நீயும் இதைத்தான் கற்றுக்கொண்டாய். அக்கம்பக்கத்தில் எல்லோரும், "டீச்சருக்கு மட்டும் எப்டித்தான் புரியுதோ" என்று சொல்வார்கள். எனக்கும் கொஞ்சம் தலைக்கனம் இருந்தது. இல்லை என்று சொன்னால் நீயே சிரிப்பாய்.

தண்ணீர்தான் ஜாஸ்தியாகப் போனது. ஒரு நாளைக்கு எத்தனை முறை என்று கணக்கே இல்லை. அதிலும் பயிற்சி கொடுக்கும்போது, எண்ணெய் தேய்க்கும்போது, நான் டிவியில் சீரியல் வைக்கும்போது தாகம் வந்துவிடும் மனிதருக்கு. இவ்வளவு தாகம் எடுக்கிறதே, சர்க்கரை வந்துவிட்டதோ என்று பயந்து ரத்தம் எடுத்துப் பரிசோதித்தோம், நினைவிருக்கிறதா? வெறும் வயிற்றில் ஒரு தடவை, சாப்பிட்டுவிட்டு ஒரு தடவை. சர்க்கரை இல்லை. "சில பேருக்கு அப்டித்தாம்மா" என்று லேபில் இருந்த பெண் சொன்னாள். நானும் சரி, சில பேருக்கு அப்படித்தான் என்று விட்டுவிட்டேன்.

இந்தப் பொங்கலுக்கு வந்தபோது உன் வேலை என்னவென்று முதல்முறையாக எனக்குச் சொன்னாய். நான்தான் தொந்தரவு செய்தேன், ஊரில் கேட்கிறார்கள், என்ன பதில் சொல்வது என்று. லேப்டாப்பைத் திறந்து வைத்துக்கொண்டு, நான் கரும்பு நறுக்கிக்கொண்டிருக்க, பொறுமையாகச் சொன்னாய். இரண்டு புரோகிராம். ஒன்றுக்கு ஒரு படத்தைக் காட்டுவீர்கள், மற்றதற்கு அந்தப் படத்தோடு இன்னும் சில படங்களையும் கலந்து காட்டுவீர்கள். முதலாவது ஏதாவது ஒரு குறியை அனுப்ப வேண்டும், இரண்டாவது அதைப் பார்த்துச் சரியான படத்தை எடுக்க வேண்டும். "எந்தக் குறிக்கு இன்னா அர்த்தம்னு நாம எதுவுமே சொல்லித் தரலம்மா. மொதல்ல அதுங்க சும்மா உளறும். சரியா எடுத்தா ரெண்டுக்கும் பாயின்ட், தப்பா எடுத்தா ரெண்டுக்கும் இல்ல. அப்டியே ஆயிரக்கணக்குல ஆடி ஆடி அதுங்களே ஒரு பாஷைய உண்டாக்கிக்குதுங்க" என்றாய். எனக்கு ஆச்சரியமாக இருந்தது. அப்புறம் நீயே சிரித்துக்கொண்டு அந்த மாட்டு விஷயத்தைச் சொன்னாய். மாட்டுக்கென்று ஒரு குறியை அவை வைத்துக்கொண்டதாக நினைத்து நீங்கள் எல்லோரும் கேக் வெட்டாத குறையாக மகிழ்ந்தீர்கள். பிறகு குடைந்து பார்த்தால், அந்தக் குறி மாட்டைப் பற்றியே இல்லை. மாட்டுப் படங்களெல்லாம் வெட்டவெளியில் எடுத்தவை. படத்தின் மேல்பக்கம் வெளிச்சமாக இருக்கிறது என்பதைத்தான் ஒன்று சொல்ல, மற்றது புரிந்துகொண்டு, இரண்டும் பாயின்ட் வாங்கிக்கொண்டிருந்தன.

"சரியான ஃபிராடுங்களா இருக்குதே" என்றேன் நான்.

"ஃபிராடு இல்லம்மா. மாடுன்னா இன்னான்னு தெரிஞ்சிக்க வேண்டிய அவசியமே அதுங்களுக்கு வரல. ஆட்டத்துல ஜெயிக்க வெளிச்சமே போதுமா இருந்துச்சி."

அப்போது நான் இன்னொன்றும் கேட்டேன். இரண்டில் ஒன்றை எடுத்துவிட்டுப் புதிதாக ஒன்றைக் கொண்டுவந்து விட்டால் என்ன ஆகும் என்று. அதற்கு இந்த பாஷை புரியாது, இவை இரண்டுக்கு மட்டும்தான் புரியும் என்றாய். "மிச்சம் இருக்கிறது?" என்று கேட்டேன். "அது பாட்டுக்கு அனுப்பிக்கினே இருக்கும்மா. எடுத்துக்கத்தான் ஆள் இருக்காது" என்று சொல்லிவிட்டுக் கரும்பை வாயில் வைத்தாய். நான் திரும்பி அப்பாவைப் பார்த்தேன். நீ பார்க்கவில்லை. உன்னைக் குற்றம் சொல்லவில்லை, உன் வாய் நிறையக் கரும்பு இருந்தது.

பால்வாடியில் நான் வேலை பார்த்ததெல்லாம் அன்றைக்கு நினைவில் வந்து போனது. அடி அண்ணாமலையில் என்னிடம் ஒரு குட்டிப் பெண் இருந்தாள். படம் போட்ட அட்டைகளைக் காட்டிப் பெயர் கேட்பேன். ஆட்டைக் காட்டினால் ஆடு என்பாள், செம்பைக் காட்டினால் செம்பு என்பாள். குடைப் படத்தைக் காட்டினால் மட்டும் "பௌர்ணமி" என்பாள். எத்தனை முறை திருத்தினாலும் பௌர்ணமிதான். அப்புறம்தான் எனக்கு உறைத்தது. அவள் வீடு கிரிவலப் பாதையை ஒட்டி இருந்தது. மாதத்தில் ஒரு நாள் வீட்டு வாசலில் பெரிய பெரிய குடைகள் முளைக்கும், அடியில் பொரி விற்பார்கள், பொம்மை விற்பார்கள், மறுநாள் ஒன்றும் இருக்காது. அந்தக் குழந்தைக்கு அதுதான் பௌர்ணமி. நிலாவை அவள் கணக்கில் எடுக்கவே இல்லை. நான் அவளைத் திருத்திக் குடை என்று சொல்லவைத்துத்தான் ஒன்றாம் வகுப்புக்கு அனுப்பினேன். சம்பளம் அதற்குத்தானே. ஆனால் அவள் சொன்னது எனக்கு விளங்கியதற்குக் காரணம், நான் ஒரு பௌர்ணமி அன்று அந்த வாசலில் போய் நின்றதுதான். நிற்காமல் இருந்திருந்தால் மந்தமான குழந்தை என்று எழுதி வைத்திருப்பேன்.

நீயும் லேசுப்பட்டவன் இல்லை. அப்பா உன்னைத் தூக்கிக்கொண்டு போகும்போதெல்லாம் "ரைட், போலாம்" என்பார். நீ அதைப் பிடித்துக்கொண்டு, நான் சோறு ஊட்டுவதை நிறுத்தினால் "ரைட்" என்பாய், மழை விட்டுவிட்டால் ஜன்னலைப் பார்த்து "ரைட்" என்பாய். நாங்கள் சிரித்துச் சிரித்து ஓய்ந்துபோவோம். உனக்கு அதன் பொருள் எங்களைவிட நன்றாகத் தெரிந்திருந்தது என்று இப்போது படுகிறது.

இனி முனுசாமி வந்த கதைக்கு வருகிறேன். முனுசாமியை உனக்குத் தெரியும், அப்பாவோடு வேலூர் ரூட்டில் வெகுகாலம் வண்டி ஓட்டிய டிரைவர், கீழ்பென்னாத்தூர்க்காரர். அப்பா விழுந்ததிலிருந்து ஒரே ஒரு தடவை ஆஸ்பத்திரிக்கு வந்து பார்த்தார், அழுதார், அப்புறம் வரவே இல்லை. சிலருக்குப் பார்க்கத் தாங்காது. போன பௌர்ணமி அன்று ஏதோ வேலையாக டவுனுக்கு வந்திருக்கிறார். கிரிவலக் கூட்டத்தில் வண்டிகளையெல்லாம் ஊருக்கு வெளியிலேயே நிறுத்திவிட்டார்கள். நடந்து வருகிற வழியில் நம் வீடு இருந்ததால் தப்பிக்க முடியாமல் வந்துவிட்டார் என்றுதான் நான் நினைத்துக்கொண்டேன். கையில் ஒரு பை நிறைய வேகவைத்த மல்லாட்டை. மென்று விழுங்க முடியாத மனிதருக்கு வேர்க்கடலை. "அவருக்குப் புடிக்குமேன்னு வாங்கிட்டேன் அண்ணி" என்று அவரே கூனிக் குறுகினார்.

அப்பாவின் பக்கத்தில் உட்கார்ந்து பழைய கதையெல்லாம் பேசினார். எந்த ஸ்டாப்பில் யார் ஏறுவார்கள், எந்தக் கிழவர் சில்லறை தராமல் ஏமாற்றுவார் என்றெல்லாம். அப்பாவின் கண் அவர் முகத்தைவிட்டு நகரவில்லை. கொஞ்ச நேரம் கழித்து, "சரிண்ணே, பஸ் புடிக்கணும், கெளம்புறேன்" என்று எழுந்தார். டங்கென்று ஒரு தட்டு. நான் வழக்கம்போலத் தண்ணீர் எடுக்க உள்ளே ஓடினேன். டம்ளரோடு வந்தால், முனுசாமி எழுந்தவர் மறுபடி நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறார்.

"இன்னா முனுசாமி, கெளம்பலியா?"

"எங்க அண்ணி கெளம்புறது? கண்டக்டர் ஸ்டாப் அடிச்சிட்டாரே."

"அது தண்ணி கேக்குறாருப்பா."

"தண்ணியா? ஒரு விசிலுன்னா நிப்பாட்டு, ரெண்டு விசிலுன்னா எடு. வாழ்நாள் பூரா இதுக்குத்தான் அண்ணி பிரேக் போட்டுக்கினு இருந்தேன். எனக்குத் தெரியாதா?" என்று சொல்லிவிட்டு அப்பாவைப் பார்த்து, "இன்னாண்ணே, நான் இருக்கணுமா?" என்று கேட்டார்.

அப்பா சிரித்தார். வாய் ஒரு பக்கமாகக் கோணிக்கொண்டு, எச்சில் ஒழுக, உடம்பு குலுங்கச் சிரித்தார். விழுந்ததிலிருந்து அவர் சிரித்து நான் பார்த்தது அதுதான் முதல் தடவை. என் கையில் டம்ளர் அப்படியே இருந்தது. முனுசாமி இன்னும் கொஞ்ச நேரம் பேசிக்கொண்டிருந்தார். பிறகு அப்பாவே டங் டங்கென்று இரண்டு தட்டு தட்டினார். "ரைட்டுண்ணே" என்று முனுசாமி எழுந்து, அவர் காலைத் தொட்டுவிட்டு, என் முகத்தைப் பார்க்காமல் போய்விட்டார். எனக்குச் சந்தோஷமாக இருந்திருக்க வேண்டும். இல்லை. வயிறு எரிந்தது. நான் அத்தனை காலம் கட்டிக் காத்ததை ஒருவர் மல்லாட்டைப் பையோடு வந்து ஒரு நிமிஷத்தில் இடித்துப் போட்டுவிட்டார் என்றுதான் முதலில் தோன்றியது. சமையலறையில் போய் நின்றுகொண்டு அழுதேன்.

அழுது முடித்த பிறகு ஒவ்வொன்றாக ஓட்டிப் பார்த்தேன். நான் கையை மடக்கி நீட்டும்போது வலி தாங்காமல் நிறுத்து என்றிருக்கிறார். நான் தண்ணீர் எடுக்கப் போனேன், வலி நின்றது. சீரியலை நிறுத்து என்றிருக்கிறார். தண்ணீர் கொண்டுவரப் போகிற நான் போகிற போக்கில் டிவியை அணைத்துவிட்டுப் போவேன். அவர் கேட்டது நடந்துவிட்டது, நான் நினைத்ததும் சரியாகிவிட்டது. உன் மாட்டுப் படம் மாதிரி, இரண்டு பேருக்கும் பாயின்ட். அவரும் பாவம், இவளிடம் நிறுத்தச் சொன்னால் ஒரு டம்ளர் தண்ணீர் குடித்தால்தான் நிறுத்துவாள் என்று ஏதோ ஒரு விதியைத் தனக்குள் எழுதிக்கொண்டு, தாகமே இல்லாமல் குடித்துக் குடித்து வைத்திருக்கிறார். காலையில் பேப்பர் படித்துக் காட்டுவேன். அடுப்பில் ஏதாவது இருந்தால் பாதியில் நிறுத்துவேன். இரண்டு தட்டு வரும். மேலே படி என்றிருக்கிறார். நான் அவரை நாற்காலியில் ஏற்றி கேட்டுக்குத் தள்ளிக்கொண்டு போய் வெயிலில் வைத்துவிட்டு வருவேன். அங்கே உட்கார்ந்து முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருப்பார். இந்த மனுஷனுக்கு வெளியே கூட்டிவந்தாலும் திருப்தி இல்லையே என்று நான் முணுமுணுத்திருக்கிறேன்.

பஸ்ஸில் விசில் ஊதினால் அதன் பொருள் ஊரில் எல்லோருக்கும் தெரியும், எனக்கும் தெரியும். கண்டக்டர் பெண்டாட்டிக்குத் தெரியாமலா? ஆனால் கட்டிலில் தட்டினால் அது பஸ் என்று யாருக்குத் தோன்றும்? நான் பார்த்தது நோயாளியை. நோயாளிக்கு என்ன வேண்டியிருக்கும், தண்ணீர் வேண்டியிருக்கும், காற்று வேண்டியிருக்கும். நிறுத்து, போ என்று உத்தரவு போட வேண்டியிருக்கும் என்று நான் நினைக்கவே இல்லை. "ஏங்க, ஒரு தடவையாவது அந்த டம்ளரத் தட்டிவிட்டிருக்கக் கூடாதா?" என்று அவரிடம் சண்டைக்குப் போனேன். கேட்ட பிறகுதான் ஞாபகம் வந்தது, ஒரு தடவை தட்டிவிட்டார். தண்ணீர் சில்லென்று இருந்ததால் கோபம் போல என்று வெந்நீர் கலந்து கொண்டுவந்து கொடுத்தேன்.

இப்போது எல்லாம் தெரிந்துவிட்டது என்று நினைத்துவிடாதே. தெரியாதது இன்னும் இருக்கிறது. கட்டை விரலால் ஆள்காட்டி விரலைத் தேய்த்துக்கொண்டே இருப்பார். முனுசாமியிடம் போனில் கேட்டேன். "டிக்கெட் கிழிச்ச கை அண்ணி, அது பாட்டுக்கு ஓடும்" என்றார். இருக்கலாம். ஆனால் டிக்கெட் கிழிக்கிறவர் கண் கையில் இருக்கும், இவர் கண் என்மேல் இருக்கிறது. என்னவென்று எனக்குத் தெரியவில்லை. போய்ப் பக்கத்தில் உட்கார்ந்துகொள்கிறேன், அவ்வளவுதான் முடிகிறது. இதையெல்லாம் எந்தத் தாளில் எழுதி நீ அந்த நர்ஸ்களிடம் கொடுப்பாய்? ஒன்று என்றால் நிறுத்து, இரண்டு என்றால் போ என்று எழுதலாம். எதை நிறுத்துவது, எது போவது என்பது அந்த நேரத்தில் அங்கே நிற்கிறவளுக்குத்தான் தெரியும்.

பேச்சு இருந்த காலத்தில் மட்டும் நாங்கள் என்ன கிழித்தோம்? கல்யாணம் ஆன புதிதில் அவர் டியூட்டி முடிந்து வந்தால் ஒரு வார்த்தை பேச மாட்டார். சாப்பிடுவார், படுப்பார். என்மேல் ஏதோ மனக்குறை, பிடிக்காமல் கட்டிக்கொண்டார் என்று முடிவு கட்டிக்கொண்டு நானும் பேச மாட்டேன். நான் பேசாததைப் பார்த்து, இவளுக்கு நம் தொழில் பிடிக்கவில்லை என்று அவர் முடிவு கட்டியிருக்கிறார். நீ பிறந்த பிறகு ஒரு நாள் சண்டையில்தான் வெளியே வந்தது. நாள் முழுக்கக் கத்திக் கத்தித் தொண்டை வறண்டு போய் வந்தவருக்குப் பேச முடியவில்லை, அவ்வளவுதான் விஷயம். நாளைக்கு உனக்கும் ஒருத்தி வருவாள். அவள் சும்மா இருந்தால் அதற்கு நீயாக ஒரு பொருள் வைத்துக்கொள்ளாதே. வீட்டில் எல்லாம் சரியாக நடக்கிறது, ஆகவே ஒருவரையொருவர் புரிந்துகொண்டுவிட்டோம் என்றும் நம்பிவிடாதே. எங்கள் வீட்டிலும் எல்லாம் சரியாகத்தான் நடந்தது.

என்னை மிகவும் வாட்டுகிற ஒன்றைச் சொல்கிறேன். அந்தப் புரோகிராம்களுக்கு மாடும் ஆடும் மட்டும் காட்டினால் மழைக்கு ஒரு சொல்லை அவை உண்டாக்காது என்று நீ சொன்னாய். தேவை வந்தால்தான் சொல் வரும் என்றாய். நான் அப்பாவிடம் கேட்டதெல்லாம் என்ன? தண்ணியா, வெளியவா, படுக்கணுமா, வலிக்குதா. பயமா இருக்கா என்று நான் கேட்டதில்லை. செத்துப்போகணும் போல இருக்கா என்று கேட்டதில்லை. கேட்டால் என்ன பதில் வருமோ என்று எனக்குப் பயம். கேட்காததால் அதற்கெல்லாம் எங்களுக்குள் சொல்லே பிறக்கவில்லை. அந்த விரல் தேய்ப்பது அப்படி ஏதாவது ஒன்றாக இருக்குமோ என்று நினைத்தால் எனக்குச் சோறு இறங்குவதில்லை.

இன்னொன்றும் இருக்கிறது. எழுதலாமா வேண்டாமா என்று நினைத்தேன், எழுதிவிடுகிறேன். நீ விடுமுறை முடிந்து பெங்களூர் கிளம்பிய நாள். நான் உனக்குப் புளிசோறு கட்டிக்கொண்டு சமையலறையில் இருந்தேன். நீ பையை மாட்டிக்கொண்டு கட்டில் பக்கத்தில் போய், "போயிட்டு வரேன்பா" என்று சொன்னது காதில் விழுந்தது. அப்புறம் உன் குரல், "அம்மா, அப்பா தண்ணி கேக்குறாரு." நான் கொண்டுவந்தேன். அவர் குடித்தார். நீ போனாய். உன்னைக் குத்திக்காட்ட இதை எழுதவில்லை. நமக்கு அன்று தெரிந்திருந்தாலும் நீ போக வேண்டியவன்தான், வேலை அப்படி. ஆனாலும் நமக்குத் தெரியாமல் போனதற்காக எனக்கு வருத்தமாக இருக்கிறது, உனக்கும் இருக்க வேண்டும் என்று விரும்புகிறேன்.

ஆக, நீ கேட்டதை நான் எழுதி அனுப்பப் போவதில்லை. நீ வா. ஆபரேஷனுக்கு முன்னால் வா, நான் இங்கே இருக்கும்போதே வா. உன் புரோகிராம்களில் ஒன்று போன பிறகு புதிதாக ஒன்றைக் கொண்டுவந்தால் முதலிலிருந்து தொடங்க வேண்டும், இரண்டும் ஆடிக்கொண்டிருக்கும்போதே மூன்றாவதை நடுவில் விட்டால் அது தப்புத் தப்பாகச் செய்து செய்து பிடித்துக்கொள்ளும் என்று நீதான் சொன்னாய். அந்த மூன்றாவது நீயாக இரு. தப்பாகச் செய். அவர் தட்டுவார், நீ வேறு எதையோ கொண்டுபோய் நீட்டுவாய், அவர் முகம் சுளிப்பார், உனக்கு அவமானமாக இருக்கும். இரு. எனக்கும் அப்படித்தான் இருந்தது. லேப்டாப்பையும் கொண்டு வா, வேங்கிக்காலில் இப்போது நெட் நன்றாக வருகிறது, முன்னறையை ஒழித்து வைக்கிறேன். அதற்குப் பிறகும் சென்னைதான் சரி என்று பட்டால் சரி. ஆனால் அவரைக் கொண்டுபோய் விட்டுவிட்டு வந்துவிடாதே, கூடவே சில நாள் தங்கி அந்த நர்ஸ் பெண்ணுக்கு உன் கையால் பழக்கிவிட்டு வா. என் கட்டியின் ரிசல்ட் எப்படி வந்தாலும் இது நடந்தால் எனக்குப் போதும்.

இதையெல்லாம் எழுதிவிட்டு, அவரைக் கேட்காமல் அனுப்பக் கூடாது என்று நேற்று சாயங்காலம் முழுவதையும் படித்துக் காட்டினேன். நடுவில் அவர் ஒரு தடவைகூடத் தட்டவில்லை. கண்ணை மூடிக்கொண்டு கேட்டார். முடித்ததும், "இன்னாங்க, பையன வரச் சொல்லட்டுமா?" என்று கேட்டேன்.

கண்ணைத் திறந்து என்னைப் பார்த்தார். பிறகு ஒரே ஒரு தட்டு. சந்தேகமே வேண்டாம் என்பதுபோல ஓங்கி ஒரு தட்டு.

நான் தண்ணீர் எடுக்கப் போகவில்லை. பக்கத்தில் உட்கார்ந்து அந்தக் கையைப் பிடித்துக்கொண்டேன். ஏன் வேண்டாம் என்கிறார், இந்த நிலையில் நீ அவரைப் பார்க்கக் கூடாது என்பதாலா, உன் வேலை கெடும் என்பதாலா, எனக்குத் தெரியாது. ஆனால் என்ன சொன்னார் என்பது தெரியும். அவர் விழுந்ததிலிருந்து, கேட்டவுடனே எந்தச் சந்தேகமும் இல்லாமல் அவர் பேச்சு எனக்குப் புரிந்தது அந்த ஒரு தடவைதான். புரிந்துதான் இதைத் தபாலில் போடுகிறேன். கிளம்பி வா.